முன்னூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் துணைப்பாடமாக ஒரு நாவல் வைத்திருந்தார்கள். தொண்ணூற்றாறு பக்கம், பழுப்புத் தாள், அட்டையில் தகரப் பெட்டியோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம். தாய் தகப்பனை இழந்த அந்தப் பெண், கடலோரத்தில் உப்பளம் வைத்திருக்கும் மாமா வீட்டுக்கு வந்து சேருகிறாள். வந்த அன்று அவளுக்கு எங்கே பாய் போடுவது என்பதே அந்த வீட்டில் பெரிய பிரச்சினையாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவளைக் கேட்காமல் அங்கே உலை வைப்பதில்லை. நடுவில் பதினோரு அத்தியாயங்கள்.

வகுப்பில் மற்ற முப்பத்தெட்டுப் பேரும் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். நான் அதைச் செய்முறைப் புத்தகமாகப் படித்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. நானும் தகரப் பெட்டியோடு வந்தவள்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா வாலாஜாவில் ஒரு லாரி ஆபீசில் கிளார்க்காக இருந்தார். அம்மாவைச் சென்னைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மார்பில் சளி, காற்று மாறினால் சரியாகிவிடும் என்றார்கள். நோயின் பெயரை என் எதிரில் யாரும் சொன்னதில்லை. அம்மாவைப் பற்றி விசாரிக்கிற பெண்கள் பாதி வாக்கியத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு என்று சொல்லி என்னைக் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், அம்மாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு அப்பா போனார். அது ஒன்றரை வருடமாகியிருந்தது.

பெரியப்பா வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் பெரியப்பா, இன்னொன்றில் என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா. பெரியம்மா இரண்டு தறிகளுக்கும் நடுவில் எல்லாமாக இருந்தாள். அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் என் குறை. சோறு எனக்குத்தான் முதலில் போடுவார்கள். அக்கா நாளைக்கு நான்கு முறை திட்டு வாங்குவாள், என்னை யாரும் அதட்டியது கூட இல்லை. வீட்டு வேலைக்கு எழுந்தால், “நீ படிமா, நீ போய்ப் படி” என்று உட்கார வைத்துவிடுவார்கள். விருந்தாளியை நடத்துகிற மாதிரி இருந்தது. பின்னாளில் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, இப்போது ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்து பிழைக்கிறேன் என்றாலும், எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுகிற புத்தி அப்போதே வந்துவிட்டது. கணக்கு நோட்டின் கடைசித் தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் ‘நான் இந்த வீட்டுப் பெண்’ என்றும், வலது பக்கம் ‘அல்ல’ என்றும் தலைப்பிட்டு வைத்திருந்தேன். இடது பக்கத்தில், பெரியம்மா அக்காவுக்கு வாரிய சீப்பாலேயே எனக்கும் தலை வாருகிறாள் என்ற ஒரு வரிக்கு மேல் போகவில்லை. வலது பக்கம் எட்டை எட்டிக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். நான் பின்கட்டில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“எவ்ளோ நாளைக்குத்தான் உங்களுக்குப் பாரமா இருக்கிறது? வேலூர்ல ஒரு ஹாஸ்டல்ல இடம் இருக்குதாம். பரீட்சை முடிஞ்சதும் சேத்துட்றேன்” என்றார் அப்பா.

பெரியம்மா ஏதோ பதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா தறியை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் பதில் எனக்குக் கேட்காமலே போயிற்று. அப்பா போன பிறகு பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால் ஒரு விண்ணப்பத் தாள் செருகியிருந்தது. என் பெயர் மட்டும் எழுதி, மற்றக் கட்டங்கள் காலியாக இருந்தன.

ஆண்டுப் பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் அந்த வீட்டுப் பெண்ணாகிவிட வேண்டும். எப்படி என்பதற்குத்தான் அரசாங்கமே புத்தகம் போட்டுக் கொடுத்திருக்கிறதே!

நாவலை இரண்டாம் முறை பென்சிலோடு படித்தேன். கதைப்பெண் அந்த வீட்டாரின் மனத்தில் இடம் பிடிப்பதற்காகச் செய்தவை மொத்தம் நான்கு. மூன்றாம் அத்தியாயத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசலில் கோலம் போடுகிறாள். ஐந்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வர, கண் விழித்துப் பார்த்துக்கொள்கிறாள். ஏழில் தனக்கு எடுத்த புதுப் பாவாடையை மாமா மகளுக்கு விட்டுக்கொடுக்கிறாள். பத்தாம் அத்தியாயம்தான் முக்கியம். வீட்டார் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருக்கிற நாளில் பருவம் தப்பி மழை வருகிறது. அவள் ஒருத்தியாகவே அத்தனை உப்புக் குவியலையும் ஓலைத் தட்டியால் மூடிக் காப்பாற்றுகிறாள். மாமாவின் மூத்த மகள், தான்தான் மூடியதாக முதலில் சொல்லிக்கொள்கிறாள். பிறகு உண்மை தெரிந்து, மாமா அந்தப் பெண்ணைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறார். தமிழ் டீச்சர் அந்த இடத்தைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வரிசைப்படி ஆரம்பித்தேன்.

பெரியப்பாவுக்கு முன்னால் எழுவதற்கு நான் நாலு மணிக்கு எழ வேண்டியிருந்தது. தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் நீர் கொண்டுவந்து வாசலில் தாராளமாகத் தெளித்து, பதினேழு புள்ளிக் கோலம் ஒன்று போட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பாவை நீட்டிக் கட்டி இழை சீர்செய்வதற்காக, முதல் நாளே எங்கள் வாசல் உட்படத் தெருவைப் பெருக்கிக் காயவிட்டிருந்தது எனக்குத் தெரியாது. பட்டுப்பாவு என்றால் சேலை நெய்வதற்கான நீளவாட்டு இழைகள். ஈரத்தரைக்கு மேல் அதை யார் நீட்டுவார்கள்? பொழுது விடியும்போது நாலு ஆண்கள் என் கோலத்தின் மேல் சாக்கு விரித்து ஒற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் என்னை யாரும் திட்டவில்லை. “பாவம், கொயந்த, தெரியாம செஞ்சிருக்குது” என்றாள் எதிர்வீட்டு அம்மா. கோலம் போனதைவிட அந்தப் ‘பாவம்’தான் எனக்கு அதிகம் வலித்தது.

ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒரு நோயாளி வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் வருவதாக இல்லை. மூன்று வாரம் காத்திருந்து, ஒரு நாள் பெரியப்பா தொடர்ந்து இரண்டு தும்மல் போட்டதும் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். என் மனம் நோகக் கூடாதென்று அவர் சொம்பு முழுவதையும் குடித்தார். பிறகு பெரியம்மாவிடம் போய், “ஏம்மே, என் மூஞ்சி இன்னா ஒரு மாதிரியாவா இருக்குது?” என்று கவலையோடு விசாரித்தார்.

பாவாடை விஷயம் அதைவிட மோசம். அக்கா மாப்பிள்ளை பார்க்கிற வயதுக்கு வந்துவிட்டதால் அவளுக்குத் தாவணி, எனக்குப் பச்சைப் பாவாடை என்று ஒரு விசேஷத்துக்கு எடுத்திருந்தார்கள். எனக்கு வேண்டாம், அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பெரியம்மா நினைத்துக்கொண்டு, அக்காவின் அரக்குத் தாவணியை வாங்கி எனக்குக் கொடுத்து, பச்சைத் துணியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். அக்கா நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

ஆக மிச்சம் இருந்தது பத்தாம் அத்தியாயம். பிள்ளையார்பாளையத்தில் உப்புக் குவியலுக்கு எங்கே போவது?

பங்குனியில் பெரியப்பாவின் தறியில் பாவு முடிந்தது. ஒரு பாவில் மூன்று சேலை நெய்யலாம். அது முடியும்போது பழைய இழைகளின் முனைகளை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். அவை தறியிலேயே, இழையை ஏற்றி இறக்குகிற விழுதின் சின்னக் கண்களிலும், இழைகளைப் பிரித்து நிறுத்துகிற அச்சின் பற்களிலும் கோத்தபடியே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்க்க வேண்டும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு முனைகளையும் ஒன்றாக வைத்து, கட்டைவிரலால் ஒரு திரி. அவ்வளவுதான், இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்குப் பிணைப்பது என்று பெயர். ஆயிரக்கணக்கான இழை. எங்கள் தெருவில் பிணைப்பதற்குப் பெரியம்மாவின் கையை மிஞ்சி ஒரு கை இல்லை. யார் வீட்டில் புதுப் பாவு ஏறினாலும் முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவள் பிணைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியாது என்று எதிர்வீட்டு அம்மா சொல்லுவாள். எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். பாராட்டு மிஞ்சிப் போனால் அந்த அம்மாவுக்குத் தமிழ் போதாது.

பெரியம்மா பிணைக்கும்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானும் ஒன்று செய்யட்டுமா என்று கேட்டேன்.

“பரீட்சைய வெச்சிக்கினு உனக்கு இன்னா இங்க வேல? போய்ப் படிமா.”

அக்காவிடம் சாம்பல் கிண்ணத்தை நகர்த்தினாள். வலது பக்கத்தில் எட்டாவது வரி அதுதான்: ‘பாவைத் தொட விடுவதில்லை.’

மறுநாள் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவத்தில் அறுபத்துமூவர் புறப்பாடு. அன்றைக்குத் தறி ஓடாது. பிணைப்பு கிட்டத்தட்ட முடிந்து, வலது கரை ஓரத்தில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. வந்து முடித்துக்கொள்ளலாம் என்று வீடே குளித்து, பூ வைத்துக் கிளம்பியது. எதிர்வீட்டு அம்மாவும் வாசலில் வந்து நின்றாள். எனக்கு வயிற்றுவலி வந்தது. அதை வரவழைத்தேன் என்று சொல்வதுதான் நியாயம்.

“நான் வேணா இருக்கட்டுமா?” என்று பெரியம்மா மூன்று முறை கேட்டாள். மோரில் பெருங்காயம் கரைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தெரு அடங்கியதும் தறிக்குப் பின்புறம் போய் உட்கார்ந்தேன். கதைப்பெண் ஓலைத்தட்டியைத் தூக்கியபோது அவள் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று பத்தாம் அத்தியாயத்தில் அரைப் பக்கம் வருகிறது. எனக்கு அப்படி ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை. முதலில் எண்ணிப் பார்த்தேன். பாக்கி முன்னூற்றுப் பன்னிரண்டு இழைகள். பழையதில் வரிசையாக ஒன்று, புதியதில் வரிசையாக ஒன்று எடுக்க வேண்டும். மாறினால் கரையின் அரக்கு இழை உடலின் பச்சைக்குள் போய்விடும். இதெல்லாம் பார்த்துப் பார்த்தே தெரிந்திருந்தது. தெரியாதது அந்தக் கட்டைவிரல் திரிதான்.

சாம்பல் தொட்டுத் திரித்தேன். இழுத்தேன். பிரிந்துவிட்டது. மறுபடி திரித்தேன், மறுபடி பிரிந்தது. ஏழாவது முறையும் அப்படியே ஆனபோது, தவறு என்னிடம் இல்லை, முறையில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். வெறுமனே திரித்து வைத்தால் எந்த நேரமும் பிரிந்துகொள்ளாதா? இத்தனை தலைமுறையாக இதை ஒருவரும் யோசிக்கவில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் சாரணியர் வகுப்பில் ஒரு முடிச்சு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இடது மேல் வலது, வலது மேல் இடது. இழுக்க இழுக்க இறுகும், அவிழவே அவிழாது. இரண்டு பக்கமும் இழையை நன்றாக இழுத்துக்கொண்டு, அந்த முடிச்சைப் போட்டேன். நீட்டிக்கொண்டிருந்த முனைகளைக் கத்தரிக்கோலால் சுத்தமாக நறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

முன்னூற்றுப் பன்னிரண்டு. எட்டு மணிக்கு உட்கார்ந்தவள் எழுந்தபோது பன்னிரண்டரை. ஆள்காட்டி விரல்கள் இரண்டிலும் பட்டு அறுத்து ரத்தக் கோடு விழுந்திருந்தது. முடிச்சுகள் ஒரே வரிசையில், கம்பு கட்டிய வேலி போல நேராக நின்றன. எனக்கே என்னை அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஓடிப்போய்ப் படுத்து, மோரை அப்போதுதான் குடித்தேன்.

முதலில் உள்ளே வந்தது பெரியம்மாவும் எதிர்வீட்டு அம்மாவும். பெரியப்பாவும் அக்காவும் பொரி கடலை வாங்கப் பின்தங்கியிருந்தார்கள். பெரியம்மா நேரே என்னிடம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எதிர்வீட்டு அம்மா தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தவள், தறிப்பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“தேவுடா! ஏமம்மா இது? மூட்ட கட்ற முடிச்சு மாதிரி இருக்குது!”

பெரியம்மா போய்ப் பார்த்தாள். குனிந்து, ஓர் இழையை நகத்தால் நிமிண்டினாள். வரிசையில் கண்ணை ஓட்டிக் கரைவரைக்கும் போனாள். நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். மூடிய உப்புக் குவியலை மாமா பார்க்கிற இடம் இது. யார் செய்தது என்று கேட்பார்கள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மெல்லச் சொல்ல வேண்டும்.

“நான்தான் போட்டேன்” என்றாள் பெரியம்மா.

எதிர்வீட்டு அம்மா கையில் இருந்த சொம்பைக் குடிக்காமலே கீழே வைத்தாள். “நீயா?”

“காலைல சாமி பாக்கப் போற அவசரம். கொஞ்சம்தான பாக்கி, முடிச்சா போட்டுட்டா இன்னான்னு போட்டுட்டேன்.”

“உன் கையா இது? யார்கிட்ட கத உட்ற?” அந்த அம்மாவின் பார்வை மெதுவாகத் திரும்பி என் மேல் விழுந்தது. “பொண்ணு வீட்லதான இருந்தது?”

“அது வயித்துவலில சுருண்டு படுத்துக்கினு இருந்தது. நான் போட்டதுதான்னு சொல்றேன் இல்ல? நெதம் சாமிக்கே மாலை கட்றவன் ஒரு நாள் வாழ நார விட்டுட்டுக் கயித்தால கட்டுனா குத்தமா?”

எதிர்வீட்டு அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. “இரு இரு, தெரு முச்சூடும் சொல்றேன். பிணைக்கறதுல ராணி, மூட்ட கட்டி வெச்சிருக்கறா!” என்றபடி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நான் பாயில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் இருந்தது அப்படியே நடக்கிறது. செய்தது நான், பெயர் இன்னொருவருக்கு. மாமாவின் மூத்த மகளை டீச்சர் ‘பொறாமையின் வடிவம்’ என்று சொல்லியிருந்தார். பெரியம்மாவா அப்படி? எதிர்வீட்டு அம்மா சிரித்தது பாராட்டில் சேர்த்தியா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் ‘ராணி’ என்று சொல்லிவிட்டுத்தானே போனாள்.

பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “கையக் காட்டு” என்றாள். காட்டினேன். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

“எத்தினி?”

“முன்னூத்திப் பன்னெண்டு.”

“எண்ணிக்கினு வேற போட்டியா?” தறிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஒண்ணு கூட மாறல” என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

இதற்குள் அக்கா வந்துவிட்டாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தறியை ஒரு பார்வை பார்த்தாள், என் விரலை ஒரு பார்வை பார்த்தாள்.

“அறிவு கெட்டவளே! விழுதுக் கண்ணு இன்னா அகலம் இருக்கும்? உன் முடிச்சு அதுல எப்பிடிப் போவும்?” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஒரே ஓர் இழையை முன்பக்கமிருந்து இழுத்துக் காட்டினாள். முடிச்சு விழுதுக் கண்வரை வந்தது, நின்றது. அக்கா இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சின்னதாக ஒரு சத்தம், இழை அறுந்து தொங்கியது.

பிரிந்துவிடும் போல இருக்கிற அந்தத் திரி ஏன் அப்படி இருக்கிறது என்பது அந்த ஒரு சத்தத்தில் எனக்குப் புரிந்தது. பிணைப்பு இழையின் பருமனுக்கு மேல் பருத்துவிடக் கூடாது. இணைப்பு என்றால் பலம்தான் என்று நான் எண்ணியிருந்தேன். அது அடுத்த கண்ணுக்குள் நுழைந்து போகவும் வேண்டும் என்பதை எண்ணவில்லை. இன்றைக்கும் ஆலையில் எந்த இணைப்பைச் சோதிக்கும்போதும் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மீதிச் சேதம் மறுநாள் தெரிந்தது. நான் முனைகளை நறுக்கித் தள்ளியிருந்ததால், முடிச்சை வெட்டி எடுத்தபின் இரண்டு பக்கமும் எட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துண்டு இழை வைத்து, அதன் இரண்டு முனையிலும் பிணைக்க வேண்டியிருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு முடிச்சுக்கு அறுநூற்று இருபத்து நான்கு பிணைப்பு. பெரியம்மாவும் அக்காவும் ஒன்றரை நாள் குனிந்த தலை நிமிரவில்லை. பெரியப்பா சாம்பலைச் சலித்துச் சலித்துக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். வாசலில் யார் வந்தாலும் அவரே முந்திக்கொண்டு, “எங்க வீட்டம்மா புதுசா ஒரு முற கண்டுபுடிச்சிது, அதான் பிரிக்கறோம்” என்று சொல்லிவிடுவார்.

எதிர்வீட்டு அம்மா சொன்ன சொல் தவறாதவள். ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் பெரியம்மாவைப் பார்த்தால், “என்னாக்கா, எங்க வூட்ல நெல்லு மூட்ட ரெண்டு இருக்குது, வந்து கட்டிட்டுப் போறியா?” என்று கேட்பார்கள். பெரியம்மாவும் சிரித்துக்கொண்டு, “கூலி ஜாஸ்தி ஆவும்” என்பாள். அடுத்த வாரம் கோடி வீட்டில் புதுப் பாவு ஏறியபோது பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதற்கடுத்து மூன்றாம் வீட்டிலும் அனுப்பவில்லை. பெரியம்மாவுக்கு இப்போதெல்லாம் மத்தியானத்தில் ஓய்வு கிடைக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

முடிச்சு போட்டது பெருமை இல்லை, பிழை என்று தெரிந்த பிறகு, பெரியம்மா என் பெயரைத் தட்டிப்பறிக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. பிறகு எதற்காக அப்படிச் சொன்னாள்? பரீட்சைக்குப் படிக்கிற தீவிரத்தோடு அதை ஆராய்ந்தேன். கடைசியில் விடை கிடைத்தது. வீட்டுப் பெண் அல்லாத ஒருத்தியைப் பாவில் கைவைக்க விட்டாள் என்று தெருவில் சொல்லிவிட்டால் பெரியம்மாவுக்கு அவமானம். அதனால் நான் அங்கே இருந்ததையே மறைத்துவிட்டாள். ‘அல்ல’ என்ற பத்தியில் ஒன்பதாவதாக எழுதினேன்: ‘நான் செய்த தப்பைக்கூட என்னுடையது என்று சொல்வதில்லை.’

அந்த வரியை அடிக்க எனக்கு ஏழு வருடம் ஆயிற்று. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, பேச்சுவாக்கில் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா, கெட்ட எண்ணத்தில் இல்லை, நல்லது என்று நினைத்தே, அந்தப் பங்குனிக்கு முன்பே பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: “தங்கச்சி பொண்ணப் பட்டுல கை வைக்க விடாத. அம்மாக்காரி ஆஸ்பத்திரில இருக்கிறா. நாளைக்கு ஒரு இழ அறுந்தாலும் இவ கையத்தான் சொல்லுவாங்க.” எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கை ஆகாத கை என்று ஒரு முறை பேர் வந்துவிட்டால், அவளை எந்த வீட்டிலும் தறிக்குப் பக்கத்தில் நிற்கவிட மாட்டார்கள். கல்யாணப் பேச்சிலும் அந்தக் கை முன்னால் வந்து நிற்கும். எதிர்வீட்டு அம்மாவின் கண் என் மேல் திரும்பிய அந்த நொடியில் பெரியம்மா எடுத்துக் கொடுத்தது, தெருவிலேயே பேர்பெற்ற தன் கையை. மறுபடியும் எல்லா வீட்டிலிருந்தும் அவளுக்குச் சொல்லி அனுப்ப இரண்டு வருடம் பிடித்ததாம்.

ஆனால் இதெல்லாம் அப்போது எனக்கு எட்டவில்லை. சித்திரையில் பரீட்சை வந்தது. ‘கதைநாயகி அக்குடும்பத்தில் ஒருத்தியானது எந்நிகழ்ச்சியால்? காரணம் காட்டி விளக்குக’ என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. உப்புக் குவியல் நிகழ்ச்சியால் என்று ஒன்றேகால் பக்கம் எழுதினேன். பத்துக்குப் பத்து. ‘தெளிவான சிந்தனை’ என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

பரீட்சை முடிந்த வாரக் கடைசியில் அப்பா வந்தார். நான் பெட்டியை அடுக்கி வைத்திருந்தேன். என் துணிகளைக் கீழே வைத்து, புத்தகங்களை மேலே வைத்து, துணைப்பாட நாவலை மட்டும் எடுப்பதா விடுப்பதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த முறை தறிகள் ஓடவில்லை. பேச்சு முழுக்கக் கேட்டது.

“நாளைக்கே போயி அந்த ஹாஸ்டல் ஃபாரத்த குடுத்துட்டா, ஆனி மாசம் சேந்துக்கலாம்” என்றார் அப்பா.

பெரியம்மா காலண்டருக்குப் பின்னால் இருந்து தாளை எடுத்தாள். அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தறிக்காலின் அடியில் செருகினாள். அழுத்திப் பார்த்துத் திருப்தியானாள்.

“அதெல்லாம் அனுப்பறதுக்கில்ல. இவ பெரிய பாவுல கைய வெச்சி நாசம் பண்ணிக்கினு நிக்கறா. கண்ணு சரியா இருக்குது, கைதான் பழவல. பழவாம நான் எங்கியும் விட்ற மாதிரி இல்ல. ரெண்டு வருசம் ஆவும்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இன்னா நின்னுக்கினு இருக்கிற?” என்றாள் பெரியம்மா என்னைப் பார்த்து. அந்தக் குரலை அதுவரை அவள் அக்காவிடம் மட்டும்தான் பேசிக் கேட்டிருக்கிறேன். “புத்தகத்த வெச்சிட்டு சாம்பல் கிண்ணத்த எட்து வா. பழைய இழ ஒரு கத்த இருக்குது, உக்காந்து திரி.”

போய் எடுத்துவந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் நூறு திரித்ததில் தொண்ணூற்றொன்று பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் திட்டு விழுந்தது. அம்மா உடம்பு தேறி வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். அதன் பிறகும் என் இரண்டு வருடம் முடியவில்லை என்று சொல்லி நான் அங்கேயே இருந்தேன். செய்த தப்புக்கு என்னைப் பிடித்து வைத்துத் தண்டிக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். இப்படி ஒரு தண்டனை கிடைத்ததற்கு ஏன் இத்தனை சந்தோஷமாக இருக்கிறது என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.